நீலம்தான் முதலில் போகும்

பிப்ரவரி 11

அன்புள்ள என்னங்க,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று முழிப்பீர்கள். போனில் நான் ஏதாவது கேட்டால் "லேப்ல இருக்கேன், அப்புறம் கூப்புடுறேன்" என்பீர்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. எழுதினால் நீங்கள் உட்கார்ந்து பதில் எழுதித்தான் ஆக வேண்டும். கூப்பிடாதீர்கள், எடுக்க மாட்டேன்.

கடை ஓடுகிறது. பழைய ஜெராக்ஸ் மெஷின் பத்துத் தாளுக்கு ஒரு தாளை மென்று துப்புகிறது. அக்கா முழங்கால் வலியோடு தினமும் வந்து பைண்டிங் வேலையைப் பார்க்கிறாள். என்னைத் தனியாக விடக்கூடாது என்று அவளாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். பின் அறையில் மழைக்கு ஒழுகிய இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. நீங்கள் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போன இடம்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு நர்ஸம்மா சான்றிதழ்களை நகல் எடுக்க வந்தார். பிரசவ வார்டிலேயே காலம் தள்ளியவராம். மெஷின் சூடாகும் வரை சுவரில் மாட்டியிருக்கும் பாப்பா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு இந்தக் கொழந்தை? ஒதடெல்லாம் ரோஜாப்பூ மாதிரி இருக்கே."

"என் பொண்ணு."

"இப்ப ஸ்கூல் போறாளா?"

"இல்லங்க. செத்துத்தான் பொறந்தா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார். "செத்துப் பொறந்ததா? இருக்காதும்மா. நான் எத்தனையோ பாத்திருக்கேன். மூச்சே விடாத கொழந்தைக்கு ஒதடு இந்த நெறத்துல இருக்காது. இது கொஞ்ச நேரமாவது மூச்சு விட்ட கொழந்தை." பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, "நான் ஒரு கூறுகெட்டவ, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாப்பாவை நான் பார்த்ததே இல்லை. எனக்கு மயக்கம் தெளிந்தபோது எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அக்கா ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. அவளைப் பார்த்தது நீங்கள் ஒருவர்தான். எனக்குக் கிடைத்தது இந்தப் படம் மட்டும்தான். அதில் அவள் தூங்குகிற குழந்தை மாதிரி இருக்கிறாள்.

சுற்றி வளைக்கவில்லை. பாப்பா மூச்சு விட்டாளா? அவள் அடுத்த அறையில் உயிரோடு இருந்தபோது என்னை எழுப்பாமல் விட்டீர்களா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
நான்


பிப்ரவரி 24

அன்புள்ள முந்திரி,

நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லுகிறவள் என்றுதானே உனக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தேன். இந்த முறை கேள்வியும் நீயே, பதிலும் நீயே. விளையாட்டாக எழுதவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இல்லை. அவள் மூச்சு விடவில்லை.

உன்னை உள்ளே கொண்டுபோன பிறகு என்னை மட்டும் கூப்பிட்டார்கள். ஒரு மேஜையில் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் முகம் சாம்பல் பூசியது போலவும் உதட்டில் பேனா மை பட்டது போலவும் இருந்தது. நகங்களும் அதே நிறம். ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சீக்கிரம் எடுங்கள் என்றார்கள். எடுத்ததில் முதல் இரண்டும் கலங்கிவிட்டன. மூன்றாவதைத்தான் நீ பார்க்கிறாய்.

உன்னை எழுப்பச் சொல்லிக் கேட்டேன். உனக்கு ரத்தம் நிறையப் போயிருந்தது. "இப்ப எழுப்பிச் சொன்னீங்கன்னா இவங்களையும் பறிகொடுப்பீங்க" என்றார் டாக்டர். நான் பயந்துவிட்டேன். அதற்கு நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உயிரோடு இருந்த குழந்தையை உன்னிடமிருந்து மறைக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அந்த நர்ஸம்மா ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்திருப்பார். கடை விளக்கில் நிறம் ஏமாற்றும், நான் தினமும் பார்க்கிற வேலை அது. படத்தை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார். உனக்கே புரியும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்,
என்னங்க


மார்ச் 9

அன்புள்ள என்னங்க,

பார்த்தேன். வாசலில் வைத்தும் பார்த்தேன், மாடியில் வைத்தும் பார்த்தேன். அக்காவைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல், "இவ ஒதடு என்ன நெறம்?" என்று கேட்டேன். "செவப்புதான். இதுல என்ன சந்தேகம் ஒனக்கு?" என்றாள். சாம்பலும் இல்லை, மையும் இல்லை. கன்னம்கூடச் சிவந்திருக்கிறது.

படம் வந்த முதல் நாள் நிறம் எப்படி இருந்தது என்று எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன். அப்போது நான் பார்த்ததெல்லாம் மூக்கு யாரைப் போல, நெற்றி யாரைப் போல என்றுதான். நிறத்தை யார் பார்த்தார்கள்?

அந்தப் படத்தோடு நீங்கள் உங்கள் போட்டோ காகிதக் கம்பெனியின் சான்றிதழ் ஒன்றை அனுப்பியிருந்தீர்களே, நினைவிருக்கிறதா? அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இந்தக் காகிதம், இந்த மை, நூறு வருஷம் நிறம் மாறாது. கீழே பரிசோதகர் என்று உங்கள் கையெழுத்து. இரண்டு படம் போட்டு ஒன்றை உங்கள் லேபின் விளக்குப் பெட்டிக்குள் வைத்ததாகவும், மூன்று மாதத்தில் அவளுக்கு நூறு வயதாகியும் ஒரு மாற்றமும் இல்லை என்றும் கூடவே எழுதியிருந்தீர்கள். "நம்ம பொண்ணு நூறைத் தாண்டிட்டா" என்று. அதைப் படித்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தேன். அவளுக்கு ஒரு வயதாவது கொடுத்தவர் நீங்கள்தான் என்று நினைத்தேன்.

அந்தச் சான்றிதழுக்கு லேமினேஷன் போட்டு, படத்துக்குக் கீழேயே மாட்டி வைத்திருக்கிறேன். படத்துக்குப் போடவில்லை. எல்லோருக்கும் லேமினேஷன் போட்டுக் கொடுக்கிறவள் நான், அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் அவளை வைத்து மெஷினில் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. மூச்சு முட்டும் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். கண்ணாடியும் போடவில்லை. போகும்போதும் வரும்போதும் கன்னத்தைத் தொடுவேன், நடுவில் கண்ணாடி எதற்கு?

இப்போது கணக்கு எளிதாகத்தான் இருக்கிறது. நூறு வருஷம் மாறாத படம் நாலு வருஷத்தில் மாறாது. மாறவில்லை என்றால் அவள் பிறந்தபோதே உதடு சிவப்பு. சிவப்பு என்றால் அவள் மூச்சு விட்டிருக்கிறாள். ஒன்று உங்கள் சான்றிதழ் பொய். இல்லை, நீங்கள் பொய். எது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். இறந்து பிறந்தது என்று பழைய காகிதத்தில் இருக்கிறது. அதற்குக் கீழேயும் உங்கள் கையெழுத்துதான். டாக்டர் வேறு எங்கோ போய்விட்டாராம். எங்கே திரும்பினாலும் உங்கள் கையெழுத்து ஒன்றுதான் எனக்குச் சாட்சி.

உங்களிடம் இருக்கும் அந்த இன்னொரு படத்தை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நான்


மார்ச் 28

அன்புள்ள முந்திரி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பித்துப் பிடித்தவன் போல அலைந்தேன். கண்ணாடி போடவில்லை என்று எழுதியிருந்தாய் பார், அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பொறுமையாகப் படி. தொழில் பேச்சு என்று தள்ளிவிடாதே.

எங்கள் பெட்டிக்குள் வீட்டு வெளிச்சத்தைப் போலப் பல மடங்கு வெளிச்சத்தை ராப்பகலாகப் பாய்ச்சுவோம். மொத்தம் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று கூட்டி, அதை வீட்டுச் சுவரில் ஒரு வருஷத்தில் விழும் வெளிச்சத்தால் வகுப்போம். அதுதான் நூறு வருஷம். யாரும் நூறு வருஷம் காத்திருந்து பார்த்ததில்லை. பார்க்க முடியாது என்பதால்தானே இந்த டெஸ்டே வந்தது.

ஆனால் பெட்டிக்குள் போகும் காற்றை வடிகட்டித்தான் அனுப்புவோம். படத்துக்கு முன்னால் கண்ணாடி இருக்கும். வெளிச்சத்தை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும் என்று மற்ற எல்லாவற்றையும் கழித்துவிட்டோம். கழித்ததைத் திரும்பக் கூட்ட மறந்துவிட்டோம். வீட்டில் படம் காற்றில் அல்லவா இருக்கிறது?

உன் மெஷின் ஓடும்போது மூக்கில் சுருக்கென்று ஒரு வாடை வருமே, "கரண்டு வாசனை" என்பாயே, அது ஓசோன் என்கிற வாயு. மெஷினுக்குள் மின்சாரம் பாயும்போது பிறப்பது. இந்த மாதிரி மைக்கு அதைப் போல எமன் வேறு இல்லை. நீ பாப்பாவை மாட்டியிருப்பது மெஷினுக்கு நேர் மேலே, கண்ணாடிகூட இல்லாமல். படத்தில் மூன்று நிறம், மஞ்சள், சிவப்பு, நீலம். இந்த வாயுவுக்கு நீலம்தான் முதலில் போகும். நீலம் போனால் மிச்சம் இருப்பது சிவப்பும் மஞ்சளும். நீலம் பூத்த குழந்தை சிவந்த குழந்தையாகத் தெரிவாள். தினமும் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது தெரியாது, ஏனென்றால் ஒரே நாளில் மாறுவதில்லை.

போன வருஷம் நான் வந்திருந்தபோது இதைப் பார்த்திருக்க வேண்டியவன் நான். அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன். உனக்கு அது தெரியும்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"சார், வீட்டுக் காத்துல நாலே வருஷத்துல நீலம் போயிருக்கு."

"எந்த வீட்டுல?"

"எங்க வீட்டுல."

"கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப அது நம்ம டெஸ்ட்டுல வராது. ஒரு வீட்டுல ஒரு படம் மாறுனதுக்கு, பெட்டி பெட்டியா வித்துட்ட காகிதத்துல இருக்குற நம்பரை மாத்தச் சொல்றீங்களா? போய் வேலையப் பாருங்க."

அவர் பார்வையில் அது சரிதான். அவர் டெஸ்டில் பொய் ஒன்றும் இல்லை. கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். சான்றிதழும் பொய் இல்லை, நானும் பொய் இல்லை என்று நான் சொன்னால், நழுவுகிறான் என்பாய். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அன்றைக்குப் படம் எடுத்த போன் எப்போதோ கெட்டுப்போய்விட்டது, புதிதாக ஒன்று போட முடியாது. இன்னொரு படம் என் மேஜை அலமாரியில், காற்று புகாத உறையில் இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்ததோடு சரி, அதற்குப் பிறகு நான் அதைப் பிரித்ததில்லை. நேற்றுப் பிரித்தேன். நான் பார்த்த அதே முகம். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தனியாகப் பிரிக்காதே. அக்கா பக்கத்தில் இருக்கட்டும். நீ இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை இல்லை இவள்.

உன்,
என்னங்க


ஏப்ரல் 15

அன்புள்ள என்னங்க,

தனியாகத்தான் பிரித்தேன். நீங்கள் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். கடையில் ஆள் இருந்தது. "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுப் பின் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். அக்காதான் வந்து என்னை எழுப்பினாள். படத்தை வாங்கிப் பார்த்தாள். முந்தானையால் அதை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது நான் எழுதப் போவது உங்களுக்கு வலிக்கும். வலிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நிறம் உங்கள் தொழில். சிவந்த குழந்தையை நீலமாக்குவது உங்களுக்கு ஒரு பிற்பகல் வேலை. அந்த லேபில் மெஷினும் இருக்கிறது, மையும் இருக்கிறது. என்னிடம் மாட்டிக்கொண்ட பிறகு, என் வாயை அடைக்க நீங்கள் புதிதாக அடித்து அனுப்பிய படம் இல்லை இது என்று நான் எப்படி நம்புவேன்? ஓசோன் என்கிறீர்கள், வடிகட்டிய காற்று என்கிறீர்கள். நாலு வருஷமாக நூறு என்று சொன்ன வாய்தானே இதையும் சொல்கிறது? பத்து மாதத்தைப் பத்து நாளில் முடித்துப் பிள்ளை பெற முடியுமா? நூறு வருஷத்தை மூன்று மாதத்தில் முடித்த உங்கள் கணக்கை அன்றைக்கே இப்படிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. புருஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று லேமினேஷன் போட்டேன்.

நீங்கள் உங்கள் டெஸ்டைச் செய்தீர்கள். இனி நான் என் டெஸ்டைச் செய்கிறேன்.

இந்தப் படத்தை அதே சுவரில், பழைய படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் மாட்டப் போகிறேன். கண்ணாடி கிடையாது. மெஷின் ஓடும், நானும் தொடுவேன், கதவு திறந்திருக்கும், தெருத் தூசி வரும். எதையும் வேகப்படுத்த மாட்டேன். எத்தனை நாள் ஆகிறதோ ஆகட்டும். நீங்கள் சொன்னது உண்மை என்றால் இதுவும் தானாகச் சிவக்கும். சிவக்காமல் இப்படியே இருந்தால் நீங்கள் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். உண்மையாக இருந்தால் கடைசிப் படமும் வீணாகிவிடுமே என்பீர்கள். கலர் மெஷினில் ஒரு நகல் எடுத்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். அதற்கு மேல் நகலுக்கு மதிப்பு இல்லை. நாள் முழுக்க நகல் எடுத்துக் கொடுக்கிறவள் நான். எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒரிஜினல் எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.

முடிவு தெரியும் வரை நான் எழுத மாட்டேன். நீங்கள் வரவும் வேண்டாம்.

இப்படிக்கு,
நான்


ஆகஸ்ட் 30

அன்புள்ள முந்திரி,

நீ பதில் எழுத மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

நான் விடாமல் நச்சரித்ததில், காற்றுக்கும் ஒரு டெஸ்ட் வைக்கலாம் என்று மேலே ஒப்புக்கொண்டார்கள். ஒரு பெட்டியில் அந்த வாயுவை நிரப்பிப் படங்களை வைத்தோம். ஒரு வாரத்தில் நீலம் போனது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது, உனக்கு உடனே எழுதலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். ஆனால் அடுத்த மேஜைக்காரர் கேட்டார்: "ஒரு வாரத்துல இவ்வளவு கொடுத்ததும், நாலு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா கொடுத்ததும் ஒண்ணுன்னு எப்படிய்யா சொல்ற?" எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டேன். வெளிச்சத்தில் செய்த அதே தவறைக் காற்றிலும் செய்துகொண்டு நிற்கிறோம். நீ செய்கிற டெஸ்ட் ஒன்றுதான் டெஸ்ட் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதனால் என்ன மாறியது என்று கேட்பாய். காகிதப் பெட்டியில் நூறு வருஷம் என்பது அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில், "கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தால்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். என்னை லேபிலிருந்து அந்த லேபிள் ஒட்டுகிற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

ஒழுகுகிற இடத்துக்கு ஒரு ஆளைப் பிடித்துச் சரிசெய். நான் வரும் வரை காத்திருக்காதே.

உன்,
என்னங்க


ஜனவரி 19

அன்புள்ள முந்திரி,

நிறம் மாறியதா என்று கேட்க மாட்டேன். கேட்க எனக்கு வாயில்லை.

இங்கே தங்கியிருக்கும் அறையில் நாலு சுவரும் காலியாக இருக்கின்றன. அந்த உறை இருந்தவரை அலமாரியில் அவள் இருக்கிறாள் என்று ஒரு நினைப்பு இருந்தது. நான் திறந்து பார்த்ததில்லை என்றாலும் இருக்கிறாள் என்று தெரியும். இப்போது வேலை முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன்.

அவளை இரண்டு கைகளாலும் தூக்கினேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேனா? சொன்னதில்லை என்று நினைக்கிறேன். படம் எடுத்த பிறகு தூக்கினேன். கனமே இல்லை. குளிர்ந்திருந்தாள். யாரோ தோளைத் தொட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இந்த வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா? கடையில் பைண்டிங் வேலையாவது பார்ப்பேன். நீ வா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உன்,
என்னங்க


ஜூன் 2

அன்புள்ள என்னங்க,

உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. கோபத்தில் பதில் போடாமல் இருக்கவில்லை. முடிவு தெரிந்த பிறகுதான் எழுதுவேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது.

நீலம் போய்விட்டது.

முதல் சில மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. கடையைத் திறந்ததும் எனக்கு முதல் வேலை அதைப் பார்ப்பதுதான். அலமாரியிலிருந்து நகலை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். மாறியிருக்காது. "அப்ப இந்த மனுஷன் பொய்தான் சொல்லியிருக்கார்" என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாகக் காப்பி போடப் போவேன். ஆமாம், நிம்மதியாக. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

பரீட்சைக் காலம் வந்தது. வாசல் வரை கூட்டம். மெஷின் ஓடினால் அந்த வாடை வரும், வாடை வந்தால் படம் மாறும் என்று நீங்கள் எழுதியது மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் மெஷினை அணைத்துவிட்டு, "ரிப்பேர், அடுத்த தெருவுல எடுத்துக்குங்க" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டேன். மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுக்க அப்படியே. அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வெடித்தாள். "சீசன்ல கடையைச் சாத்துறவ ஒலகத்துல எங்கயாவது உண்டாடி? நல்லா இருக்குற மெஷினுக்கு என்ன ரிப்பேர்?" எதையும் வேகப்படுத்த மாட்டேன் என்று உங்களுக்கு வீறாப்பாக எழுதியவள்தான். மெதுவாக்க மாட்டேன் என்று எழுதவில்லையே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். கள்ளத்தனம்தான். உங்கள் மேலாளரைவிட நான் ஒன்றும் மேல் இல்லை.

எத்தனை நாள் மூடி வைக்க முடியும்? வயிறு என்று ஒன்று இருக்கிறதே. மெஷினைப் போட்டேன். அதற்குப் பிறகு உதட்டு ஓரத்தில்தான் முதலில் தெரிந்தது. கண் மயக்கம் என்று நினைத்தேன். பிறகு நகத்தில். பிறகு கன்னத்தில். சாம்பல் பூத்திருந்த முகம் வாரத்துக்கு வாரம் பூரித்துக்கொண்டே வந்தது. அதைப் பார்க்கிறவர்கள் சந்தோஷப்படுவார்கள். நான் ஒவ்வொரு நாளும் செத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் இரண்டையும் கழற்றி வாசல் வெளிச்சத்தில் வைத்து அக்காவைக் கூப்பிட்டேன். "இதுல எது பழசு, எது அவர் அனுப்பினது?" என்று கேட்டேன். மாற்றி மாற்றிப் பார்த்தாள். பழையதை எடுத்து, "இது கொஞ்சம் கூடுதலா செவந்திருக்கோ? தெரியலடி, ரெண்டும் ஒரே கொழந்தைதானே" என்றாள். அப்போதுதான் நான் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அழ வேண்டிய அழுகையை நான் இதுவரை அழவில்லை என்று அக்கா சொல்கிறாள். இருக்கலாம்.

நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. உங்கள் தொழிலை வைத்தே உங்களைக் குத்தினேன். மனசார மன்னிப்புக் கேட்கிறேன்.

வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வா என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் உங்கள் மேல் சந்தேகம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இத்தனை மாதமும் அந்தப் படத்தின் முன்னால் நின்று நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். மாறக்கூடாது. மாறாவிட்டால் நீங்கள் பொய்யர். என் பெண்ணை என்னிடமிருந்து மறைத்தவர், ஆயுசு முழுக்க உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன். ஆனால் அவள் கொஞ்ச நேரம் மூச்சு விட்டிருப்பாள். ஒரு தடவையாவது அழுதிருப்பாள். அவளைத் தூக்கியவர்கள் கையில் சூடு இருந்திருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக உங்களைத் தூக்கிக் கொடுக்க நான் தயாராக இருந்தேன். தயாராக என்ன, அதைத்தான் தினமும் கேட்டேன். நீங்கள் அங்கே காலிச் சுவரைப் பார்த்துக்கொண்டு என் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தபோது, நான் இங்கே உங்களைக் கொடுத்துவிட்டு அவளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை என்பதால் இப்போது உங்களை வா என்று கூப்பிடுவது எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

நீங்கள் நல்லவர் என்று தெரிந்துகொண்டேன். அதில் எனக்கு ஒரு துளி சந்தோஷம் இல்லை. இது உங்கள் தப்பு இல்லை.

வந்தால் கதவைத் திறப்பேன். சோறு போடுவேன். அதற்கு மேல் என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. யோசித்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
நான்